எண்ணெய் ஊசியும் இருட்டறைத் தொட்டியும்

சென்ற மாதம் எங்கள் எக்ஸ்ரே பிரிவின் இருட்டறையிலிருந்து தொட்டிகளை அகற்றிவிட்டார்கள். ஃபிலிமில் உருவத்தை வரவழைக்கும் டெவலப்பர் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, உருவத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்சர் தொட்டி என மூன்றும் போய்விட்டன. அவை இருந்த இடத்தில் சுவரில் ஒரு பழுப்புக் கோடு நிற்கிறது. பதிலுக்கு ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. ஒரு பக்கம் ஃபிலிமைக் கொடுத்தால் சில நிமிடங்களில் மறுபக்கம் உலர்ந்து வருகிறது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வந்து பார்க்கும்படி சொல்லியனுப்பினார்கள், போனேன்.

"சாமிக்கு சங்கடம் உண்டோ?" என்று இப்போது அங்கே வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். அக்கிரகாரத் தெருக்களில் தமிழ் பேசும் எங்கள் எல்லோருக்கும் இந்தத் திருவனந்தபுரத்தில் ஒரே பெயர், சாமி.

இல்லை என்றேன். அது உண்மை. இருபத்தைந்து வருடம் ஃபிக்சர் நாற்றத்தை விரல் நகத்தில் வைத்துக்கொண்டு சோறு பிசைந்தவனுக்குத் தொட்டிகள் போவதில் வருத்தம் இருக்க நியாயம் இல்லை.

தொட்டிக்குப் பின்னால் கிடந்ததாக ஒரு பொருளை எடுத்துக் காட்டினார்கள். உள்ளங்கை நீளத்தில் அலுமினியத் துண்டு. தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஆணி அடித்து, ஐந்து படிகளாகச் செய்தது. இது என்னவென்று கேட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்பது புரிந்தது. அன்று அதன் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். சரியான பதில் கொஞ்சம் நீளமானது. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த ஊரிலேயே, ஸ்ரீவராகத்தில் பிறந்தவன். படிப்பு முடிந்ததும் மதுரையில் ஒரு நாளிதழின் பிளாக் பிரிவில் மூன்று வருடம் இருந்தேன். செய்திப் படங்களைத் துத்தநாகத் தகட்டில் பொறித்து அச்சுக்குக் கொடுக்கும் இடம். அங்கே இரண்டு விஷயங்கள் கற்றேன். ஒன்று, உதவி ஆசிரியர் சொன்னது: படத்தில் இல்லாததைப் படத்தின் கீழே எழுதாதே. மற்றதை யாரும் சொல்லவில்லை, கை தானாகக் கற்றுக்கொண்டது. எந்தப் படத்தையும் சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவி, முகம் நன்றாக வரும் கணத்தில் தொட்டியிலிருந்து தூக்கிவிடுவது. பிறகு திருவனந்தபுரம் திரும்பி, எக்ஸ்ரே பயிற்சி முடித்து, அறுபதுகளின் நடுவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதல் பாடம் பல வருடம் பயன்படவில்லை. இரண்டாவது பாடம் முதல் நாளே பயன்பட்டது.

எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவ விதி உண்டு. டெவலப்பரின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்து, அதற்கு உரிய நிமிடங்களைக் கடிகாரத்தில் எண்ணி எடுக்க வேண்டும். இந்த ஊர் வெயிலில் டெவலப்பர் கொதிக்கும், ஐஸ் கட்டி வராது, தெர்மாமீட்டர் உடைந்தால் அடுத்தது வர மாதங்கள் ஆகும். ஆகவே எல்லோரும் கண்ணால் பார்த்தே எடுத்தோம். அதில் நான் கெட்டிக்காரன். அளவுக்கு மீறிக் கதிர் விழுந்து கறுத்துப்போகவிருக்கும் படத்தையும் சீக்கிரம் தூக்கிக் காப்பாற்றிவிடுவேன். எங்கள் பதிவேட்டில் 'ரிப்பீட்' என்று ஒரு பத்தி இருந்தது. படம் கெட்டு மறுபடி எடுத்தால் காரணத்தோடு அதில் எழுத வேண்டும். என் பெயருக்கு எதிரே அந்தப் பத்தி பதினோரு வருடம் காலியாக இருந்தது. அதைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எலும்புப் பிரிவின் தலைவரை எல்லோரும் 'வலிய சார்' என்போம், பெரிய சார் என்று அர்த்தம். சென்னையில் மருத்துவம் படித்தவர், மலையாள ராகத்தில் தமிழ் பேசுவார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு விஷயம் முடிந்தது என்றால் "மதி" என்பார், போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது. நோயாளியின் காலைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். முறிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். அப்போது காலைப் பார்க்க மாட்டார், நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். விரல் சொன்ன பிறகுதான் என் படத்துக்குக் கை நீட்டுவார்.

சேராத முறிவுகள் அவரிடம்தான் வந்து சேரும். மாதக்கணக்கில் மாவுக்கட்டில் இருந்தும் இரண்டு நுனிகளும் ஒட்டாமல் நிற்கும் கால்கள். இடுப்பெலும்பிலிருந்து சிறு துண்டுகளைச் செதுக்கி எடுத்து அந்த இடைவெளியில் அடைத்து, மறுபடி கட்டுப் போடுவார். எலும்பு ஒட்டு என்று அதைச் சொல்வோம். ஒட்டுப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிய மாதங்கள் ஆகும். எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு முறை ஒட்டு வைத்தும் பிடிக்காத ஒரு பஸ் கண்டக்டருக்கு, மூன்றாவது முறை ஒட்டோடு சேர்த்து வாரம் ஒரு ஹார்மோன் ஊசியும் போட்டார். நாண்ட்ரோலோன் என்று பெயர். உடலைத் தேற்றும், எலும்பில் சுண்ணாம்பு ஏற உதவும் என்று அந்த நாளில் பல டாக்டர்கள் நம்பிய மருந்து. கண்டக்டருக்குச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு ஒட்டு வைத்த எல்லோருக்கும் அந்த ஊசி.

மருந்து எண்ணெயில் கரைத்து வரும். குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, தடித்த ஊசியில் மெல்ல ஏற்ற வேண்டும். வார்டில் அதற்கு எண்ணெய் ஊசி என்று பெயர். அதைப் போடுபவர் ஏலியாம்மா சிஸ்டர். "இந்த எண்ணெ இறங்குறதுக்குள்ள எனக்கு ஒரு ஜெபமாலை முடியும் சாமி" என்பார்.

ஊசி தொடங்கிய புதிதில் ஒரு படம், பல வாரம் கழித்து ஒரு படம் என்று வலிய சார் ஜோடி ஜோடியாகத் தன் அலமாரியில் சேர்க்க ஆரம்பித்தார். டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் காட்டப் போவதாகப் பேச்சு. இரண்டாவது படத்தில் ஒட்டு பால் போல வெளுத்துத் தெரிந்தால் அவர் முகம் மலரும். "கண்டோ சாமி? கறுத்த வரி எங்க போச்சு?" என்பார். அவர் மலர்வது எனக்கும் பிடித்திருந்தது. கொஞ்ச நாளில் அவர் படத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு விரலை வைத்தார். இன்னும் கொஞ்ச நாளில், படம் நன்றாக இருந்தால் விரல் வைப்பதை விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் செல்லையா வந்தான். ராதாபுரம் பக்கத்துக்காரன், முப்பது வயது இருக்கும். விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். லாரியிலிருந்து உருண்ட ஒரு கல் அவன் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே விழுந்தது. எட்டு மாதம் மாவுக்கட்டில் இருந்தும் சேரவில்லை. மாசி மாதம் வலிய சார் ஒட்டு வைத்தார். வாரம் தவறாமல் எண்ணெய் ஊசி.

"வடை சுடப் போறீங்களா, ஊசி போடப் போறீங்களா சிஸ்டர்? இவ்வளவு எண்ணெய் எதுக்கு?" என்று கேட்பான். வார்டில் அவன் இருந்த வரிசை மட்டும் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும்.

அவன் மனைவி பாக்கியம் கட்டட வேலைக்காரி, சுவருக்கு வெள்ளை அடிப்பவள். வேலை முடிந்து கையில் சுண்ணாம்போடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவாள். ஆடியில் கடல் பொங்குவதால் கல் வேலை நிற்கும், ஆவணியில் மறுபடி ஆள் எடுப்பார்கள். அதற்குள் அவன் இரண்டு காலில் போய் மேஸ்திரி முன்னால் நிற்க வேண்டும். அவர்கள் பேசுவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

செல்லையாவின் ஜோடியில் முதல் படம் பங்குனியில், கட்டு மாற்றும்போது எடுத்தது. வெயிலில் டெவலப்பர் சூடாக இருந்தது, நானும் வேறு வேலையில் இருந்தேன். படம் என் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக வந்தது. முறிவின் இடைவெளி அதில் கத்தி வெட்டியது போலத் தெரிந்தது. இரண்டாவது படம் ஆடியில், கட்டைப் பிரித்துவிட்டு எடுத்தது. அதைக் கழுவும்போது நான் கண்ணை எடுக்கவில்லை. ஒட்டு வெள்ளையாக நிற்கும் கணத்தில் தூக்கி ஃபிக்சரில் போட்டேன். நல்ல படம். வலிய சார் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். "எண்ணெ வேலை செஞ்சிருக்கு" என்றார். கால் மேல் கை வைக்கவில்லை. கட்டு வேண்டாம், கம்பு ஊன்றி நடக்கலாம், மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினார்.

மறுநாள் காலை பாக்கியம் படங்களின் உறையோடு எங்கள் பிரிவுக்கு வந்தாள். வார்டிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார்கள். உறையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டா சாமி? வையக் கூடாது."

"கேளுங்க."

இரண்டு படங்களையும் உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். "இது பங்குனியில எடுத்தது. இது நேத்து எடுத்தது. நடுவுல வெளுத்திருக்கு, சரி. இங்க முட்டுக்குக் கீழ பாருங்க. இங்க ஒண்ணும் ஒடியலியே. இங்கயும் வெளுத்திருக்கு. சதையும் வெளுத்திருக்கு."

நான் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

"நா வெள்ள அடிக்கிறவ. நடுச்சுவத்துல மட்டும் பூசுனா நடுவுலதான் வெளுக்கும். இது சுவரு முழுக்க வெளுத்திருக்கே, ஊசி எல்லா எடத்துலயும் போயி வேல செஞ்சிட்டா?"

"இருக்கலாம்" என்றேன்.

அவள் போன பிறகு படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். மருந்து உடம்பில் எங்கே வேண்டுமானாலும் போகும். கெண்டைக்கால் சதையை ஃபிலிமில் வெளுக்க வைக்காது. அதைச் செய்யக்கூடியது தொட்டி மட்டும்தான். சீக்கிரம் தூக்கிய ஃபிலிமில் எல்லாமே வெளுப்பாக இருக்கும், கறுப்பாக இருக்க வேண்டிய இடைவெளியும் சாம்பல் நிறத்தில் மங்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பயிற்சியின் முதல் மாதப் பாடம். பதினோரு வருடம் படம் நன்றாக வர வேண்டும் என்று பார்த்தவன், எதற்கு நன்றாக என்று கேட்டுக்கொள்ளவில்லை.

வார்டுக்குப் போனேன். செல்லையா கட்டில் பக்கத்தில் கம்பு இல்லாமல் நின்று காட்டிக்கொண்டிருந்தான்.

"உக்காருய்யா."

"என்ன சாமி, கண்ணு போடுதீயளா?"

ஏலியாம்மாவிடம், இன்று மட்டும் நடக்க விட வேண்டாம் என்றேன். "வலிய சார் எழுதிக் கையொப்பிட்டிருக்கு, நடக்கலாம்னு. சாமி எந்தா, டாக்டர் ஆயிட்டீங்களோ?" என்றார். தவறாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த அதிகாரம் இல்லை. இன்னொரு படம் எடுக்க வேண்டும், சந்தேகம் இருக்கிறது என்று சொல்லி அவனைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

டாக்டரின் சீட்டு இல்லாமல் நான் எடுத்த ஒரே படம் அதுதான். புது டெவலப்பர் கரைத்தேன். பழைய தெர்மாமீட்டரைத் தேடி எடுத்தேன். பங்குனிப் படத்தின் கதிர் அளவையே வைத்து, காலை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கொஞ்சம் திருப்பி ஒன்று என மூன்று படங்கள். இருட்டறையில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஃபிலிமைப் பார்க்கவில்லை. முதல் இரண்டில் தெளிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. திருப்பி எடுத்த மூன்றாவதில், சேராத இடைவெளியின் கோடு இருந்தது. ஒரு ஓரத்திலிருந்து கிட்டத்தட்ட மறு ஓரம் வரை, மெல்லிய கறுப்புக் கோடு. முட்டுக்குக் கீழே எலும்பு பங்குனிப் படத்தில் இருந்த அதே நிறத்தில் இருந்தது.

பதிவேட்டைத் திறந்து ரிப்பீட் பத்தியில் என் பெயருக்கு எதிரே எழுதினேன்: இருட்டறைப் பிழை.

அவசரம் என்றால் ஃபிலிமை ஈரத்தோடு சட்டத்தில் மாட்டியபடியே டாக்டரிடம் கொண்டுபோவது வழக்கம். நான் கொண்டுபோகவில்லை. காயட்டும் என்று கொடியில் தொங்கவிட்டு, மேஜையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காய்ந்த படத்தைக் காட்டினால் நல்லது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த அரை மணி நேரத்தில் செல்லையா வார்டுக்குத் திரும்பி, வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்திருக்கிறான்.

வலிய சார் தன் அறையில் இருந்தார். படங்களை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது யார் எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானே எடுத்தேன்."

"எதுக்கு?"

"நேத்திக்கு எடுத்த படத்தைத் தொட்டியிலேருந்து சீக்கிரம் தூக்கிட்டேன் சார்."

"எவ்வளவு சீக்கிரம்?"

"நிமிஷம் பாக்கல. நீங்க பார்த்தா நன்னா இருக்கணும்னு தூக்கினேன்."

அவர் படங்களை மேஜையில் வைத்தார். அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "எத்தனை படம் இதுபோல?"

"தெரியாது சார்."

"ஏகதேசம் ஒரு கணக்கு?"

"ஊசி போட்டவா எல்லாரோடதும் இருக்கலாம்."

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வாங்க" என்றார்.

செல்லையா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். சார் கட்டைவிரலை ஒட்டின் மேல் வைத்து அழுத்தி, அவன் முகத்தைப் பார்த்தார். செல்லையா சிரித்துக்கொண்டிருந்தான், சிரிப்பு மாறவில்லை. நான் அவன் காலைப் பார்த்தேன். ஐந்து விரல்களும் உள்ளே மடங்கியிருந்தன.

"வலி உண்டோ?"

"இல்ல சார். ஒண்ணும் இல்ல."

சார் விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. "இருக்கு சார்" என்றான். "ஆவணிக்குள்ள சரியாயிரும்லா?"

"இல்லை" என்றார் சார். "மறுபடி கட்டுப் போடணும். தை மாசம் ஆகும்."

அன்று பிற்பகலே தொடை வரை மாவுக்கட்டு போட்டார்கள். மாலையில் பாக்கியம் வந்தபோது நான் அங்கே போகவில்லை. ஆவணியில் மேஸ்திரி வேறு ஆள் எடுத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் வலிய சார் அலமாரியிலிருந்த ஜோடிகள் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்து, அவரவர் உறையில் திரும்பப் போடச் சொன்னார். "பிழை சாமியுடையது மட்டும் இல்லை. நான் விரலை விட்டுட்டேன். மதி" என்றார். கூட்டத்துக்கு அவர் போகவில்லை. ஊசி போட்டுக்கொண்ட எல்லோருக்கும் அஞ்சலட்டை போட்டு வரவழைத்தார். கடிகாரம் பார்த்துக் கழுவி மறுபடி படம் எடுத்தேன். பலருக்குச் சேர்ந்திருந்தது. சிலர் வரவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை ஊன்றுகோலோடு வந்தார். கட்டைப் பிரித்து நடக்கச் சொன்ன பிறகு எலும்பு மறுபடி விலகியிருந்தது. அந்த ஊசியில் பெண்களுக்குக் குரல் தடிப்பதுண்டு, அவருக்கும் தடித்திருந்தது. "ஊசி ஒரு வாரம் கூட முடங்காம எடுத்தேன் சார், என் தலையெழுத்து" என்று ஆண் குரலில் சொன்னார். அவருடைய பழைய படம் என் கையில் இருந்தது. நல்ல படம்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் அலுமினியத் தகட்டுத் துண்டுகள் வாங்கி, ஐந்து படிகளாக ஆணி அடித்து நானே செய்ததுதான் தொட்டிக்குப் பின்னால் கிடந்த அந்தப் பொருள். ஒவ்வொரு படத்திலும் காலுக்குப் பக்கத்தில் அதை வைத்து எடுப்பேன். இரண்டு படங்களில் படிகள் ஒரே நிறத்தில் இருந்தால்தான் எலும்பை ஒப்பிடலாம். படிகள் மாறினால் படம் பொய். ரிப்பீட் பத்தி அதன் பிறகு அடிக்கடி நிரம்பியது.

செல்லையாவுக்கு ஊசியை நிறுத்தலாம் என்று சார் நினைத்தார். அவன் விடவில்லை. "அத நிறுத்துனா கால் போயிரும் சார்" என்றான். ஆகவே ஊசி தொடர்ந்தது. மாவுக்கட்டும் தொடர்ந்தது, நாட்களும் போயின. சிரிப்பு மட்டும் பழையபடி வரவில்லை.

தை மாதம் கட்டைப் பிரித்தார்கள். படம் எடுத்து, காய்வதற்குக் காத்திராமல் சட்டத்தோடு சொட்டச் சொட்டக் கொண்டுபோனேன். சார் அதை வாங்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றினார், விரலை வைத்து அழுத்தினார். நான் கால் விரல்களைப் பார்த்தேன். அவை மடங்கவில்லை.

"படம் நோக்கட்டே" என்று சார் கை நீட்டினார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பாக்கியத்திடம் அதைக் கொடுத்தேன், பங்குனிப் படத்தையும் சேர்த்து. சார் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். அவள் இரண்டையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். ஈரம் அவள் முழங்கை வழியாக ஒழுகியது.

"முட்டுக்குக் கீழ அதே நெறம். நடுவுல மட்டுந்தான் வெளுத்திருக்கு" என்றாள்.

"ஊசி பிடிச்சிட்டு" என்றான் செல்லையா.

பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஊசிதானா சாமி? இல்ல, இத்தன மாசம் கட்டுல கெடந்ததா?"

இந்தக் கேள்வியைப் பிறகு பல டாக்டர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், சென்ற மாதம் அந்த அலுமினியத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவர்களும் கேட்டார்கள். அன்று பாக்கியத்துக்குச் சொன்ன பதிலைத்தான் எல்லோருக்கும் சொன்னேன். எலும்பு சேர்ந்திருக்கிறது, அது படத்தில் இருக்கிறது. எதனால் சேர்ந்தது என்பது படத்தில் இல்லை.